ஐந்தாவது பாட்டில் ஓர் இடம்

முதல் பாட்டு இடியோடுதான் ஆரம்பித்தது. வேறென்னத்தோடு ஆரம்பிக்கும்? இந்தப் பக்கத்தில் வெளிவருகிற எந்தக் கிறிஸ்தவ ராக் ஆல்பத்தை எடுத்தாலும் முதல் பாட்டுக்கு ஒரு இடி உண்டு, இடிக்குப் பின்னால் கொஞ்சம் காற்று, காற்றுக்குப் பின்னால் ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டே கனத்த குரலில் ஒரு வசனம் சொல்வான், அதற்கப்புறம்தான் கிட்டார் வாயைத் திறக்கும். எங்கேதான் பிடிக்கிறார்களோ இந்த இடியை, எல்லாருக்கும் ஒரே இடி, மொத்த விலையில் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறார்களோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஹெப்சிபா தன் புருஷன் சத்தியசீலனின் வெள்ளைச் சட்டையைக் கம்பளி விரித்த சாப்பாட்டு மேஜைமேல் போட்டாள், காலரைத் திருப்பினாள், தண்ணீர் தெளித்தாள், இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் புஸ்ஸென்று ஆவி எழுந்து கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. சனிக்கிழமை மத்தியானம் என்றால் இதுதான், நாளைக்குக் கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைத் துணியெல்லாம் தேய்ப்பு, காதில் ஹெட்போன், பாளையங்கோட்டையே வந்து கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. ஆனால் இன்றைக்குக் கேட்கிற ஆல்பம் வழக்கமாகக் கேட்கிற ஆல்பம் இல்லையே. ‘ஏழாம் சுற்று’ என்று குழுவுக்குப் பெயர், பைபிளில் எரிகோ மதிலை ஏழாவது தடவை சுற்றியபோது அது விழுந்ததல்லவா, அதனால் ஆல்பத்துக்குப் பெயர் ‘மதில் விழும் சத்தம்’, தூத்துக்குடியில் ஒரு வாலிபர் கூடுகையில் மேடையிலேயே வைத்துப் பதிவு செய்தது, டிரம்ஸ் வாசிக்கிறது கிதியோன். அந்தக் கிதியோனைத்தான் மகள் பெனிட்டாவுக்குப் பேசியிருக்கிறார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீசில் வேலை, ஒரே பையன், அம்மா வயலட் காப்பி நேரத்துக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் இவர்கள் பக்கத்து முடிவைச் சொல்லியாக வேண்டும். பெனிட்டா காலையில் பல் விளக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்: “எனக்குப் பிடிச்சிருக்கும்மா. போன தடவையும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அதனால என்னைய நம்பி ஒண்ணும் சொல்ல முடியல. நீ அவங்க ஆல்பத்தக் கேளு. கேட்டுட்டு நீ சொல்லு.” ஆல்பத்தைக் கேட்டு மாப்பிள்ளை பார்க்கிற குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும், கர்த்தாவே, என்னைப் போய் இப்படி மாட்டிவிட்டுட்டாளே.

சும்மா பெருமைக்குச் சொல்வது இல்லை, ஆல்பம் என்று வந்துவிட்டால் ஹெப்சிபாவின் வாய் யாருக்கும் அடங்காது. சபை வாலிபர்கள் எந்தப் புதுப் பாட்டு வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் அனுப்புவார்கள், அனுப்பிவிட்டு ஏன் அனுப்பினோம் என்று முழிப்பார்கள். முதல் ஆல்பம் முழுக்க நன்றி, ரெண்டாவது ஆல்பம் முழுக்க இயேசுவின் இரண்டாம் வருகை, மூணாவது வருவதற்குள் எல்லாருக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிடும், கோரஸில் பிள்ளைகளைப் பாடவிட்டு அதோடு சோலி முடிந்தது என்பது அவள் கண்டுபிடிப்பு. நேசம் என்று ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி பாசம் என்றுதான் முடியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எட்டுப் பாட்டுக்கு நடுவில் ஏழு பேர் தாங்கள் ரட்சிக்கப்பட்ட கதையைச் சாட்சி சொல்கிற ஆல்பம் உண்டு, அதையெல்லாம் அவள் பாதியிலேயே நிறுத்திவிடுவாள், ஆண்டவர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்பாள். ஆனால் நல்லது ஒன்று வந்துவிட்டால்? கிட்டார் நெஞ்சுக்குள் இறங்கி, டிரம்ஸ் முதுகெலும்பைப் பிடித்து, அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆள் வெட்கமே இல்லாமல் ‘அப்பா’ என்று கூப்பிடும்போது? அப்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அது தனி. கல்லூரி ஹாஸ்டலில் மோட்சம் என்கிற சிநேகிதியின் அண்ணன் மதராசிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். அட்டையில் நாலு வெள்ளைக்காரன், இடுப்புவரை முடி, தோல் கால்சட்டை, கழுத்தில் சிலுவை. விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா பார்த்துவிட்டார், அப்பா உபதேசியார், ஆர்மோனியத்துக்கு மேல் ஒரு வாத்தியத்தை நம்பாதவர். “யாரு இவனுக, கள்ளன் பரபாசுக்குக் கூட்டாளிகளா?” என்றார். இங்கிலீஷ் கீர்த்தனைப்பா என்று சொல்லி வைத்தாள். அவர் விடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் முழுசாகக் கேட்டார், கேட்டு முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சொல்லுத விஷயம் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு கத்தணுமா? அவருக்கென்ன காது மந்தமா?” என்றார். அடுத்த நாள் சாயங்காலம் கேட்டார், “அந்தக் கத்துதவங்க பாட்டு ஒண்ணு போடேன்.” அப்பா இருந்திருந்தால் இந்த ஆல்பத்துக்கு என்ன சொல்லியிருப்பார்? பேத்திக்குப் பேசுகிற மாப்பிள்ளை டிரம்ஸ் அடிக்கிறான் என்றால் ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூணாம் நாள் பையன் கைக்குத் தைலம் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

ரெண்டாவது பாட்டு ஓடியது. நிஜமாகவே ஓடியது. நிதானமாக நடக்கத் தொடங்கின பாட்டு முதல் சரணத்துக்குள்ளேயே வேகம் பிடித்து, கோரஸுக்கு வரும்போது பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி லொங்கு லொங்கென்று ஓடியது, பாடுகிற பையன் பாவம், வார்த்தையை முழுங்கி முழுங்கிப் பின்னாலேயே போனான். யார் ஓட்டுகிறது? டிரம்ஸ்தானே ஓட்டுகிறது. ஹெப்சிபாவின் கை சட்டைக் கையின் மடிப்பில் நின்றது. இந்தப் பையனுக்கு நிதானம் இல்லையோ? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவன் இப்படிப் பறந்தால், ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகும்போது? பெனிட்டா எதையும் மெதுவாகச் செய்கிறவள். கணக்கு டீச்சர், ஆனால் கடையில் மீதிச் சில்லறையை எண்ண நிற்கும்போது பின்னால் வரிசையே நெளியும், சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கை கழுவி வந்த பிறகும் மோரில் நிற்பாள். ‘சீக்கிரம் வா, சீக்கிரம் வா’ என்று ஒருத்தன் ஆயுசு முழுக்க முன்னால் நடந்துகொண்டிருந்தால் என் பிள்ளை என்ன ஆவாள்? சே, ஒரு பாட்டை வைத்து இவ்வளவு யோசிக்கலாமா. யோசிக்காமல் விட்டுத்தானே போன தடவை அப்படி ஆனது. போன தடவை. வேண்டாம் என்றால் மட்டும் மனசு கேட்கிறதா, பல்லில் மாட்டின நாரை நாக்கு தேடுகிற மாதிரி அங்கேதான் போய் நிற்கும். அந்தப் பையன் பாடகர் குழுவில் மேல்குரலில் டெனர் பாடினவன், பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடினான், அப்படி ஒரு குரலை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை, கோயிலே அசையாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “இந்தப் பையனப் பெனிட்டாவுக்குக் கேட்டா என்ன?” என்று சொன்னது யாராம்? எல்லாருக்கும் சம்மதம், பெனிட்டாவுக்கு முகமெல்லாம் பூ. கோயிலில் ஓலை வாசித்தார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்கணும், முதல் ஓலை ஆயிற்று, ரெண்டாம் ஓலை ஆயிற்று, மூணாம் ஓலைக்கு முந்தின நாள் பையனிடமிருந்து போனில் நாலு வரி. தனக்கு இன்னும் நேரம் வேண்டுமாம். மறுநாள் ஆராதனையில் ஓலை வாசிக்கிற இடம் வந்தபோது குருவானவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததுக்குப் போனார், சபை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியது, பெனிட்டா பாமாலைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பாட்டை நிறுத்தினவள்தான், அப்புறம் பாட வாயே திறப்பதில்லை. ஆண்டவரே, தேன் மாதிரிக் குரலுக்குள் இப்படி ஒருத்தன் ஒளிந்திருந்தது இந்தக் காதுக்குத் தெரியவில்லையே, இந்தக் காதையா மறுபடியும் என் பிள்ளை நம்புகிறாள்?

மூணாவது பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் கேட்கிற ரகப் பாட்டு, கீபோர்டில் பேய்ப் படத்துக்கு வருகிற மாதிரி நீளமாக ஒரு இழுப்பு, அவள் தன் சேலையை எடுத்து நாலாக மடித்துப் போட்டுத் தேய்த்தாள். கதவுக்கு வெளியே சத்தியசீலன் யாரிடமோ வாயில் விரல் வைத்துக் காட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, காய்கறிக்காரராக இருக்கும், வாசலிலேயே நிறுத்தி ரகசியம் பேசுகிறார். அந்த மனுஷனுக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு, எல்லாக் குழம்பும் ஒரே குழம்பு. கோயிலில் பாமாலை பாடினால் ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் ஒரே மட்டத்தில் போவார், அதுவும் சத்தமாக, முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஜெபத்துக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடலாம் என்று அப்பா சொல்ல, இவர் ஆரம்பித்தார் பாருங்கள், அடுப்படியில் நின்ற ஹெப்சிபாவுக்கு உயிரே போய்விட்டது, இதோடயா நான் காலம் பூரா, என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனுஷன்தான் கல்யாண நாளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் போடுகிற மாதிரி இவ்வளவு பெரிய ஹெட்போனை வாங்கிவந்து, “இதுல கேட்டா நல்லா இருக்குமாம்” என்று நீட்டினார். அவள் அதை மாட்டிக்கொண்டால் போதும், காலிங் பெல்லை அமர்த்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், தாசில்தார் வந்தாலும் உள்ளே விடமாட்டார். என்ன கேட்கிறாய் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்பது வேறு விஷயம். ராகமே தெரியாத ஆள் தங்கமாக வாய்த்தது, ராகமே உருவான ஆள் நாலு வரி எழுதிவிட்டுப் போய்விட்டான், அப்படியானால் பாட்டுக்கும் மனுஷனுக்கும் சம்பந்தமே இல்லையா, அப்படியானால் நான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாடியில் துணி எடுக்கப் போன பெனிட்டா இவ்வளவு நேரமாக என்ன பண்ணுகிறாள், நாலு துணிக்கு இவ்வளவு நேரமா, பாவம் குட்டி, கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாக இருக்கும். நாலாவது பாட்டில் பிரசங்கியார் புகுந்துவிட்டார். நல்லாப் போய்க்கொண்டிருந்த பாட்டின் நடுவில் மைக்கைப் பிடுங்கி, கைகளை உயர்த்துங்கள், இந்தப் பக்கத்தில் சத்தம் போதாது, அந்தப் பக்கத்தில் சத்தம் போதாது என்று ஆரம்பித்து அவர் பாட்டுக்கு ஊரைச் சுற்றிவந்தார். இதற்குத்தான் மேடையில் வைத்துப் பதிவு பண்ணக் கூடாது என்று ஹெப்சிபா தலைபாடாக அடித்துக்கொள்வது. ஆனால் ஒன்று. அவர் அத்தனை கத்துக் கத்தினபோதும் பின்னாலே டிரம்ஸ் மட்டும் சின்னதாக, பொறுமையாக, டிக் டிக்கென்று வாசலில் காத்துக்கிடக்கிற செருப்பு மாதிரிக் கிடந்தது. ஓடவே இல்லையே. இவனா ரெண்டாவது பாட்டில் ஓடினவன்?

ஐந்தாவது பாட்டு. கிட்டார் நல்லா இருக்கு, யார் அந்தப் பையன், விரல் சுத்தம். ரெண்டாம் சரணம் முடிந்து கிட்டார் தனியாக வாசிக்கிற இடம், நாலு சுற்று வாசிக்கணும், அதற்கப்புறம் பாடுகிறவன் வரணும், ஒன்று, ரெண்டு, மூணாவது சுற்றில் கிட்டார் பாதி ஏணியில் நிற்கிறது, ‘மகிமை’ என்று பாடுகிறவன் நுழைந்துவிட்டான்! அய்யய்யோ என்று ஹெப்சிபா வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஆவேசத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருப்பான், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்காது. கிட்டார் தடுமாறியது, பேஸ் கிட்டார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரே சுரத்தில் முழித்தது, மொத்தமும் கொட்டிக் கவிழப் போகிறது என்று அவள் மேஜையைப் பிடித்தாள். கவிழவில்லை. என்ன நடந்தது? திரும்ப வைத்துக் கேட்டாள். மூணாவது சுற்றின் முடிவுக்காக டிரம்ஸ் ஒரு பெரிய உருட்டலை ஆரம்பித்திருக்கிறது, வாசிக்கிறவனுக்கு ஆசை ஆசையாக அடிக்கிற இடம், சனம் கைதட்டுகிற இடம், பாடுகிறவன் குரல் கேட்டதுமே அதைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரே ஒரு அடி, பளீரென்று, அவன் நிற்கிற இடத்திலேயே அடித்திருக்கிறான். அந்த அடியைப் பிடித்துக்கொண்டு பேஸ் வந்துவிட்டது, கிட்டார் இறங்கி வந்துவிட்டது, ரெண்டு மூச்சுக்குள் எல்லாரும் ஒரே இடத்தில். கூட்டத்துக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, இப்படித்தான் பாட்டே போலிருக்கிறது என்று அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். பாடினவனுக்கே தெரிந்திருக்காது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை. சரியான இடத்தில் இருந்தவன் இவன்தான், எண்ணிக்கை பிசகாதவன் இவன்தான், ‘நான் சரி, நீ தப்பு’ என்று நின்ற இடத்தில் நின்றிருந்தால் நாலாயிரம் பேர் முன்னால் அந்தப் பாடுகிற பையன் மானம் போயிருக்கும், இவன் பேர் கெட்டிருக்காது. அதை விட்டுவிட்டுத் தன் உருட்டலையும் விட்டுவிட்டுத் தப்புப் பண்ணினவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஹெப்சிபா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனேயே பயமும் வந்தது, சும்மா இரு, போன தடவையும் இப்படித்தான் அழுதாய், அன்றைக்கு ஒரு குரல், இன்றைக்கு ஒரு அடி, கை தானாகப் போயிருக்கும், பழக்கமாக இருக்கும், தற்செயலாகக்கூட இருக்கும், ஒரு அடியை நம்பிப் பிள்ளையைக் கொடுப்பாயா? அப்போதுதான் மேஜைமேல் போன் அதிர்ந்தது.

ஹெட்போனைக் கழற்றினதும் காதெல்லாம் வேர்வை, வெளிக்காற்று குளுகுளுவென்று பட்டது. வயலட்தான். ஸ்தோத்திரம் சொல்லி, வெயிலைச் சொல்லி, தண்ணி வருவதைச் சொல்லி, “அக்கா, எங்க பையன் உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னு பக்கத்துலயே நிக்கான், குடுக்கட்டுமா?” என்றார்கள். ஹெட்போனைக் கழற்றினதும் காதெல்லாம் வேர்வை, வெளிக்காற்று குளுகுளுவென்று பட்டது. “ஸ்தோத்திரம் ஆன்ட்டி. ஆல்பம் கேக்குதீங்கன்னு பெனிட்டா சொன்னாங்க. நீங்க உள்ளத உள்ளபடி சொல்லிருவீங்களாமே. ராத்திரி தூக்கமே இல்ல.” குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல், அதிலே ஹெப்சிபாவுக்கு ஒரு நிம்மதி. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லி வைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. “ரெண்டாவது பாட்டுல ஏன் தம்பி அப்பிடி ஓடுதீங்க?” போச்சு, கெடுத்தேன், என் வாயில் மண்ணைப் போட என்று அவள் நாக்கைக் கடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான். “ஓடிட்டேன் ஆன்ட்டி. அவ்வளவு கூட்டத்தப் பாத்ததும் பயத்துல கை முன்னால போயிருச்சு. மூணாவதுலதான் ஒருவழியா நிதானத்துக்கு வந்தேன். யாருமே அத எங்கிட்டச் சொன்னதில்ல, எல்லாரும் சூப்பர் சூப்பர்னுட்டுப் போயிட்டாங்க.” அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அமர்த்தினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. “அஞ்சாவது பாட்டுல, கிட்டார் தனியா வாசிக்கும்போது, நடுவுல ஒரு எடம்…” என்று ஆரம்பித்தாள், அவ்வளவுதான் சொன்னாள், யார் என்ன பண்ணினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அய்யோ, அது கேட்டுருச்சா?” என்றான் கிதியோன். “என் தப்புதான் ஆன்ட்டி. நான்தான் எண்ணத் தப்பிட்டேன். பாடுதது ஸ்டாலின் அண்ணன், ரொம்ப நல்லாப் பாடுவாங்க, அவங்க மேல ஒண்ணும் நெனச்சிராதீங்க.”

நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டவளிடம், யார் எண்ணினான் யார் தப்பினான் என்று அடிக்கு அடி தெரிந்தவளிடம், பெண் கேட்டு நிற்கிற இடத்தில், மாமியாராகப் போகிறவளிடம் போய் இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறானே, அந்த ஸ்டாலின் அண்ணன் பக்கத்தில்கூட இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது. “சரி தம்பி, இருக்கட்டும், எண்ணிக்கைன்னா யாருக்கும் தப்பத்தான் செய்யும்” என்றாள். “அம்மாட்ட சொல்லுங்க, பெனிட்டாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நானே கூப்புடுதேன்.” போனை வைத்தபோது சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ரெண்டும்தான், பெற்றவளுக்கு ரெண்டும் சேர்ந்துதானே வரும். இனிமேல் சனிக்கிழமை இந்த வீட்டில் வெள்ளைத் துணி ஒரு ஆளுக்குக் குறையும். நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படியில் பெனிட்டா, மார்போடு துணியை அணைத்துக்கொண்டு, எத்தனை நேரமாக நிற்கிறாளோ, வெயிலில் முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

“யாரும்மா போன்ல? கேட்டுட்டியா? எப்படி இருக்கு?”

“ஆல்பமா?” ஹெப்சிபா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சகிக்கலட்டி. ஒரே இடியும் மழையுமா.”

பெனிட்டாவின் முகம் அப்படியே விழுந்தது. கையிலிருந்த துணி ஒன்று நழுவிப் படியில் சரிந்தது, குனிந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் அம்மாவையே பார்த்தாள். “அப்படின்னா?”

“அப்படின்னா என்ன அப்படின்னா? ஆல்பம் தேறாது. பையனக் கட்டிக்கோ.”